தெளிவாக வந்த படங்கள்

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஓசூரில் இரும்பு வார்ப்பட உருப்படிகள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கிறேன். கீறலோ வெடிப்போ கண்ணில் பட்டால் கம்பெனி போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். பிளாஷ் கூடாது. மயிரிழை வெடிப்புகூட என் படத்தில் தெரியும் என்று சூப்பர்வைசரே சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அம்மா சாமல்பட்டியில் தனியாக இருந்தாள். சர்க்கரை வியாதி. செருப்பு கடித்து இடது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே புண் வந்தது. கிருஷ்ணகிரி டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தினமும் அவங்கள பஸ்ல அலைய விடாதீங்க. காலைல கட்டு மாத்தும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. புண்ணச் சுத்தி செவப்பு பரவுதான்னு நான் பாக்கணும்."

அம்மா எனக்கு அனுப்ப, நான் டாக்டருக்கு அனுப்பினேன். முதல் இரண்டு நாள் வந்த படங்களில் பாதி தரை, பாதி புடவை. டாக்டர் ஒன்றும் தெரியவில்லை என்று பதில் போட்டார். எனக்கு மாதக் கடைசி, ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் என் வாடகை அறையில் சீருடையை மாட்டிக்கொண்டே போனில் பாடம் நடத்தினேன்.

"ஏம்மா, மொதல்ல லென்ஸத் தொடை. வாசப்படிகிட்ட வெளிச்சத்துல உக்காரு. கை ஆடுதில்ல, முழங்கைய தொட மேல ஊனிக்கோ."

"சரி கண்ணு."

"எடுக்கறதுக்கு முன்னாடி பாதத்தயும் நல்லா சுத்தம் பண்ணிக்கோ. பிசுக்கு இருந்தா தெளிவா வராது."

எப்படி எடுக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். எதற்காக எடுக்கிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் வந்த படத்தைப் பார்த்து அசந்துபோனேன். துவைத்த துண்டின் மேல் கால், பக்கவாட்டில் காலை வெயில், ஒரு நடுக்கம் இல்லை. டீ இடைவேளையில் பக்கத்து மேசைக்காரியிடம், "எங்கம்மா எடுத்தது" என்று காட்டினேன். டாக்டரும் சிவப்பு பரவவில்லை, அதே மருந்தைத் தொடரலாம் என்று எழுதினார். பன்னிரண்டு நாள் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் "சூப்பர்மா" என்று பதில் போட்டேன். நாளுக்கு நாள் தோல் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு உருப்படி அப்படி நிறம் மாறியிருந்தால் தனியே எடுத்து வைத்திருப்பேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பதின்மூன்றாம் நாள் படம் வரவில்லை. போன் செய்தேன். அம்மாவின் பேச்சு குழறியது, காய்ச்சல் என்றாள். ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலிலேயே நாற்றம் தெரிந்தது. கட்டைப் பிரித்து ஈரத் துணியால் துடைத்தேன். துணியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் அடியில் கணுக்கால் வரை ரத்தச் சிவப்பு, விரல்களின் பக்கம் கருப்பு.

"என்னாம்மா இது?"

"பவுடர் கண்ணு. புண்ணு மேல போடல, சுத்தித்தான் போட்டேன். செவந்து அசிங்கமா கெடந்துச்சு. டாக்டர் பாக்கற போட்டோவாச்சே."

"வலிக்கலயா உனக்கு?"

"ஒண்ணுமே தெரியலயே."

அம்மா தன் வாழ்நாளில் பவுடர் போடாமல் ஒரு கேமரா முன்னாலும் நின்றதில்லை. கல்யாணப் படமோ ரேஷன் கார்டுப் படமோ, முதலில் பவுடர், பிறகுதான் படம். இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் காய்ச்சலில் கிடந்தவளைப் பார்த்து, "புத்தி இருக்கா உனக்கு?" என்று கத்தினேன். அந்தக் கத்தலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கிருஷ்ணகிரியில் டாக்டர் காலைப் பார்த்தார். தன் போனை எடுத்து நான் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியாது, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று என்னிடம் சொன்னார். அவர் என்னைத் திட்டுகிறார் என்று அம்மா நினைத்துவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் தலையைத் தூக்கினாள்.

"எம் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவ சொல்லிக் குடுத்தாப்பலயே தான் எடுத்தேன்."

டாக்டர் காலை எடுப்பதற்கான சம்மதத் தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.