தட்டுப்படாத கோடு

என் மருமகள் மருந்துப் பெட்டிகளுக்கு டிசைன் போடுகிறவள். ஓர் அச்சகத்தில் பத்து வருடம் உழைத்தாள். கண் மங்கத் தொடங்கியதும் முதலாளியிடம் ஒரு யோசனை சொன்னாள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துப் பெட்டியில் காலை மருந்துக்கு நேர்கோடு, இரவு மருந்துக்கு வளைகோடு. இரண்டும் விரலில் தட்டுப்படும்படி மேடாக இருக்க வேண்டும். கண் தெரியாதவர்களுக்கும் உதவும், எழுத்துத் தெரியாத எனக்கும் உதவும்.

"பெட்டியத் தடவிப் பாக்க யாருக்கும்மா நேரமிருக்கு? நீ வீட்ல உக்காந்து தடவு" என்றாராம். அந்த மாதமே சீட்டைக் கிழித்தார்.

அவள் அழவில்லை. "அந்தாளு பெட்டி ஒருநாள் என் கைக்கு வரும், அத்தை" என்றாள். நானும் மறக்கவில்லை, அவளை மறக்க விடவும் இல்லை.

அடுப்படி டப்பாக்களில் ஒட்டி ஒட்டிப் பழகினாள். உப்புக்குச் சொரசொர உப்புத்தாள், சர்க்கரைக்கு நைஸ் உப்புத்தாள். விரலுக்கு இரண்டும் ஒன்றாகப்பட்டு, என் மகன் உப்புக் காப்பி குடித்தான். மறுநாளே சர்க்கரை டப்பாவில் உப்புத்தாள் போய் நூல் வந்தது.

நாலு வருடம் கழித்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே வாங்கும் எந்த மருந்தின் பெட்டியும் முதலில் அவள் விரலைத் தாண்ட வேண்டும்.

ஒருநாள் அந்த அச்சக முதலாளி கையில் ஒரு பையோடு வந்தார். துணைக்குப் போன நான் பெஞ்சில் இருந்தேன்.

"அட, நம்ம பொண்ணா! உன் கோட்டத்தாம்மா போட்டிருக்கேன்" என்று இரண்டு பெட்டிகளை நீட்டினார்.

அவள் தடவினாள். திருப்பித் தடவினாள். "கோடு எங்க சார்?"

"பளிச்சுனு தெரியுதேம்மா."

மேடு மாதிரி தெரிய நிழல் போட்டு அச்சடித்திருந்தார். அட்டை முழுக்க ஒரே வழவழப்பு.

"கர்ச்சீப்பால கண்ணக் கட்டிக்குங்க சார்."

நானே எழுந்துபோய் இறுக்கிக் கட்டினேன். அவள் பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்தாள். "இதுல காலை மருந்து எது?"

தடவினார், தடவினார், வேர்த்துக் கொட்டியது. கடைசியில் ஒன்றை நீட்டினார்.

"அது ராத்திரிது" என்றேன் நான்.

"அடுத்த வாரம் மேடாவே அடிச்சுக் கொண்டாறேன். ஒரே ஒரு தடவை தடவிப் பாரும்மா."

"பெட்டியத் தடவிப் பாக்க யாருக்கு சார் நேரமிருக்கு?" என்றாள், குரலை உயர்த்தாமல்.

அவர் இழுத்துப் பார்த்தும் முடிச்சு அவிழவில்லை. கட்டிய கண்ணோடு பையைத் துழாவித் தேடினார். அது என் காலடியில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.