ஆறு அங்குலம் கூடிய அடுப்பு மேடை

"அடுப்பு மேடை. முழங்கை 41." இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. 1966 செப்டம்பர் மாதத்து நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கம், எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் நீலப் பென்சிலால் எழுதியது. தாளின் தேதி பதினொன்று. ஆனால் அன்றுதான் எழுதினார் என்று சொல்ல முடியாது. கிழித்த தாள்களை எங்கள் வீட்டில் ஆணியில் குத்தி வைப்பார்கள்; வேண்டியவர் வேண்டியபோது ஒன்றை உருவி எழுதிக்கொள்வார். மாதம் சரியாகத்தான் இருக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் அத்தை வருவதாக இருந்தது. அதற்குள் மேடை முடிந்தாக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. இனித் தரையில் குந்திச் சமைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு தரையில்தான். செய்தி குன்னத்தூருக்குப் போயிற்று. அங்கிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, உடனே சொல்லியனுப்பினார்: "உன்ற பொண்டாட்டி காலை நீட்டி உக்காந்துக்கட்டும். சோத்த நான் வந்து ஆக்கறன்."

அன்போடுதான் சொன்னார். அதுதான் சிக்கல். என் தங்கை பிறந்தபோதும் இப்படி அன்போடு வந்து சில மாதங்கள் இருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு உப்பு ஜாடி பழைய இடத்துக்குத் திரும்ப வருடக்கணக்கானது என்பது அம்மாவின் கணக்கு. இந்த முறை வந்தால் சமையலறை கையை விட்டுப் போய்விடும் என்று அம்மா உறுதியாக நம்பினார். "நான் நின்னுட்டே ஆக்கிக்கறனுங்க. எனக்கொரு மேடை கட்டிக் குடுத்துருங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

நல்லூர்ப் பக்கம் ஒரு மேஸ்திரி இருந்தார். கோயமுத்தூர் பங்களாக்களில் வேலை செய்தவர். சமையலறை, குளியலறை தவிர வேறு எதையும் தொடமாட்டார். யோசிப்பதும் அவரே, வரைவதும் அவரே, கரண்டி பிடிப்பதும் அவரே. ஆளுக்கேற்ற அறை என்பது அவருடைய கொள்கை. ஒரு கவுண்டர் வீட்டில் குளியலறை கட்டுமுன், அந்த வீட்டுப் பெரியவரை வேட்டி சட்டையோடு வெறும் களத்தில் உட்காரவைத்து, கையில் காலிச் சொம்பைக் கொடுத்து, குளிப்பதுபோலச் செய்துகாட்டச் சொன்னாராம். அவர் முதுகு தேய்க்கக் கை வீசிய தூரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன்மேல்தான் சுவர் எழுப்பினாராம். வேலிக்கு வெளியே நின்று பார்த்த கூட்டத்தைப் பற்றி அந்தப் பெரியவர் கடைசிவரை பேசியதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த மேஸ்திரி, மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கையிலிருந்து நான்கு அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்றார். ஆனால் வீட்டுப் பெண்ணின் முழங்கையில் அவர் எப்படி டேப் வைப்பார்? "அளவு மட்டும் எடுத்துச் சொல்லியுடுங்க மொதலாளி. மிச்சத்த நான் பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் போய்விட்டார்.

இங்கேதான் எங்கள் தொழில் குறுக்கே வந்தது. பனியன் துணி சலவைக்குப் போய் வந்தால் சுருங்கும். அதனால் எங்கள் ஊரில் யாரும் எந்த அளவையும் உள்ளபடி சொல்வதில்லை. சுருக்கத்துக்கு இரண்டு அங்குலம் சேர்த்துத்தான் சொல்வார்கள். அம்மா தன் முழங்கை உயரத்தைத் தானே அளந்தார். முப்பத்தைந்து. கை பழகிய பழக்கத்தில் இரண்டு சேர்த்து அப்பாவிடம் சொன்னார். பெண்பிள்ளைகளுக்குச் சுருக்கம் பற்றி என்ன தெரியும் என்று அப்பா ஒரு இரண்டு சேர்த்துக் கட்டிங் மாஸ்டரிடம் சொன்னார். முதலாளி எப்போதும் வெறும் அளவைத்தான் சொல்வார் என்று நம்பிய மாஸ்டர், தன் பங்குக்கு இரண்டைச் சேர்த்து, தாளில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தார். கடப்பாக்கல்லும் சிமெண்டும் சலவைக்குப் போவதில்லை என்பது மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தை வருவதற்கு இரண்டு நாள் முன்பு மேடை முடிந்தது. பளபளவென்று கறுப்புக் கல். அம்மா மேலே மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்தார், ஸ்டவ்வின்மேல் சோற்றுக் குண்டாவை வைத்தார். குண்டாவின் வாய் அம்மாவின் நெற்றிக்கு நேராக இருந்தது.

"சோறு வெந்துச்சான்னு எப்படிங்க பாக்கறது?" என்றார் அம்மா.

அப்பா எட்டிப் பார்த்தார். அவர் உயரமானவர். "எனக்குத் தெரியுதே!"

"அப்ப நீங்களே ஆக்குங்க."

மேஸ்திரியை வரவழைத்தார்கள். அவர் நாட்காட்டித் தாளை எடுத்துக் காட்டி, டேப் வைத்து அளந்தார். "நாப்பத்தொண்ணுல நாலு போனா முப்பத்தேழுங்க. ஒரு நூல் மாறலீங்களே!" பிறகு அம்மாவைத் தூரத்திலிருந்தே கண்ணால் அளந்துவிட்டு, "இது ஆருக்கு எடுத்த அளவுங்க?" என்று கேட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் அப்பா, மாஸ்டர், அம்மா மூவரும் தங்கள் இரண்டு அங்குலத்தை ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள். மேஸ்திரி மட்டும் சிரித்தார்.

மேடையை இறக்க முடியாது, சுவருக்குள் பதித்த கல் உடைந்துவிடும் என்றார் அவர். நிற்பதற்கு ஒரு மரப்பலகை போட்டுக்கொள்ளலாமே என்று அப்பா சொன்னார்.

"கால் வலிக்காரிய நாளெல்லாம் ஏறி எறங்கச் சொல்றீங்களா? நல்லா யோசிச்சீங்க போங்க" என்றார் அம்மா.

முடிவு எதுவும் எடுக்குமுன் அத்தை வந்து இறங்கிவிட்டார். அப்பாவைவிட ஒரு விரல் உயரம். நேரே சமையலறைக்குள் போய், மேடைமுன் நின்று, கரண்டியை எடுத்துக் கிண்டுவதுபோல் கையைச் சுழற்றினார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! எனக்குன்னே அளவெடுத்துக் கட்டினாப்ல இருக்குதே! ஏஞ்சாமி, நான் வர்றன்னு இத்தன செலவா பண்ணுன?"

அப்பா அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

"தை நோம்பி முடிஞ்சுதான் ஊருக்குப் போவன், பாத்துக்க" என்றார் அத்தை. அன்று மாலையே உப்பு ஜாடி மேடையின் வலது கோடிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அம்மா முதன்முதலாக மேஸ்திரியிடம் நேரடியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்பதில் பாதி எனக்குக் கேட்டது. "மேட எறங்காதுன்னீங்க. தரை ஏறுமா?" என்று கேட்டார் அம்மா. மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "ஏறுமுங்க அம்மிணி. ரூம்பு பூராவும் ரெண்டு வரி செங்கல் பரப்பிப் பூசுனா ஆறு அங்குலம் ஏறிக்குமுங்க." சொல்லும்போதே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்காக மேடையை மாற்றியவர்கள் உண்டு, ஊரிலேயே முதன்முறையாக ஆளையே தூக்கி நிறுத்தப்போவது தான்தான் என்று கட்டிங் மாஸ்டரிடம் பெருமை பேசினாராம்.

தரை காயும்வரை அத்தை கொல்லையில் மூன்று கல் கூட்டி மகிழ்ச்சியாகச் சமைத்தார். அதன்பின் அம்மா ஏறி நின்றார். முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே மேடை. சோறு வேகும் பானைக்குள் நன்றாகத் தெரிந்தது. அம்மா கரண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அத்தை உள்ளே வந்தார். மேடைக்கு முன்னால், தலைக்கு மேலே, தானியப் பானை வைக்கும் பரண் ஒன்று இருந்தது. பழைய தரையில் நின்றால் அத்தையின் தலைக்கு அது மூன்று விரல் உயரத்தில் இருக்கும். தரைதான் ஏறியிருந்தது, பரண் ஏறவில்லை. டமாலென்று சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார்.

"என்ற தலையப் பொளந்துபோட்டாங்க சாமி!"

"ஏனுங் நங்கை, பாத்து வரக்கூடாதுங்களா? குனிஞ்சு நில்லுங்க" என்றார் அம்மா, மஞ்சளைக் குழைத்துக்கொண்டே. கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். அவ்வளவு பணிவாக அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

குனிந்தால் இப்போது தாழ்ந்துபோன மேடை அத்தையின் இடுப்பை ஒடித்தது. நிமிர்ந்தால் பரண். ஒரு வாரம் இரண்டுக்கும் நடுவில் போராடிப் பார்த்தார். நெற்றியில் இரண்டாவது புடைப்பு வந்த அன்று, தோட்டத்தில் கடலைக்காய் பிடுங்க ஆள் இல்லையென்று குன்னத்தூர் பஸ் ஏறிவிட்டார். அம்மா அதே மேடையில்தான் கடைசிவரை நின்று சமைத்தார்.

இதில் ஒன்றை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. பரண் வெறும் பலகைதான். நான்கு ஆணியைப் பிடுங்கி மேலே ஏற்றுவது அரை மணி வேலை. தரையை உயர்த்தும்போதே அதையும் ஏற்றட்டுமா என்று அம்மாவிடம் கேட்டதாகவும், "அது கெடக்கட்டும்" என்று பதில் வந்ததாகவும் பல ஆண்டுகள் கழித்து மேஸ்திரி என்னிடம் சொன்னார். அம்மாவிடம் விசாரித்தேன். "என்னைய ஆரும் ஒண்ணும் கேக்கல கண்ணு" என்றார். மேஸ்திரிக்குத் தன் மறதியை மறைக்கக் காரணம் இருந்தது. அம்மாவுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. வேறு சாட்சி கிடையாது. பரணைப் பழைய உயரத்திலேயே விட்டது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.