கிணற்றில் விட்ட ராக்கெட்

ஆளில்லாத ராக்கெட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். போன வாரம் திருச்செங்கோடு பஸ்ஸில் ஒருவர் அப்படித்தான் பேசினார். எங்கள் மாமாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அந்தக் கதை நடந்தபோது எனக்கு எட்டு வயது. சோதனைக்காக விட்ட ராக்கெட் ஒன்று கடலில் விழுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். உள்ளே ஆள் இல்லை. முதலில் ஆளில்லாமல் அனுப்பிப் பார்ப்பார்கள், அது சரியாகப் போனால் ஒருநாள் மனிதன் நிலாவையும் தாண்டிப் போவான் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் விளக்கினார்.

இதைக் கேட்டு எங்கள் மாமா சிரித்தார். அவர் அம்மாவின் தம்பி. எங்களோடு இருந்து காடு கழனி வேலையைப் பார்த்தவர். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம்.

"ஆளே இல்லாத வண்டிக்கு டிக்கெட் ஆரு கண்ணு வாங்குவா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நானே ஒரு ராக்கெட் விடுவதென்று முடிவு செய்தேன். வானத்துக்கு விட வழியில்லை. எங்கள் கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தால் பகலிலும் அடி தெரியாது. அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி, வாளியில் வைத்து, கயிற்றில் கட்டினேன். உள்ளே போகப் போக அது நட்சத்திரம் மாதிரி தெரியும் என்று கணக்கு.

அந்த நேரம் பார்த்து மாமா வேகமாக வந்தார். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு மேடை கட்டி, அதில் ஆயில் எஞ்சினை வைத்திருந்தோம். காலையிலிருந்து ஓடிய எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது. குச்சிக்கிழங்குக் காட்டில் பாதிக்குத் தண்ணீர் பாயவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"இருங்க மாமா! மொதல்ல ஆளில்லாமத்தான் போவோணும்!"

"தள்ளு சாமி, தண்ணி நின்னுபோச்சு."

நான் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு கத்தினேன். என் தொண்டை ஊருக்கே தெரிந்த தொண்டை. "சரி, உட்டுத் தொலை" என்று ஒதுங்கி ஒரு பீடி பற்ற வைத்தார். நான் பத்திலிருந்து கீழே எண்ணி, வாளியை இறக்கினேன். எஞ்சின் மேடை வரைக்கும் போகவில்லை. விளக்கு சுருங்கியது, அணைந்தது.

நான் அழுதேன். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "உன்ற ராக்கெட்டும் கடல்ல உழுந்துருச்சா?" என்றபடி மறுபடியும் படியில் இறங்கினார்.

பின்னாலிருந்து அம்மா அவருடைய தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தாள். பளாரென்று ஓர் அறை.

"வெளக்கு அவிஞ்சது கண்ணு தெரியலையாடா? தாலி கட்டறதுக்கு முந்தியே அந்தப் புள்ளையத் தாலியறுக்கப் பாக்கறியா?"

அம்மா விளக்கை மறுபடி கொளுத்தி இறக்கினாள். அதே இடத்தில் அணைந்தது. மாமாவின் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

எஞ்சின் புகை கிணற்றுக்குள் தேங்கினால், இறங்குகிற ஆள் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். அதனால் விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமாவுக்கும் இது தெரியும். தண்ணீர் நின்ற அவசரம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று தெரிந்தது ஒன்றுதான்: என் ராக்கெட் தோற்றுவிட்டது. போதாததற்கு என் கயிற்றையும் பிடுங்கி, வேப்பந்தழையைக் கட்டாகக் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழும் ஆட்டி வெகுநேரம் காற்றைக் கலக்கினார்கள். கடைசியில் விளக்கு அணையாமல் மேடை வரை போய் வந்தது. அப்புறம்தான் மாமாவை இறங்க விட்டாள் அம்மா. அன்று சோற்றில் எனக்கு மட்டும் அவள் இரண்டு கரண்டி நெய் விட்டாள். எதற்கென்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு மாமா எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்தார். மணப்பெண்ணுக்குச் சேலை எடுத்த அதே அம்மாபேட்டை நெசவுக்காரர் வீட்டில்தான்.

"உன்ற ராக்கெட்டுக்கு, சாமி" என்று கையில் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பாதியில் அணைந்துபோன ராக்கெட்டுக்கு யாராவது பட்டு எடுப்பார்களா? இந்த மனுஷனுக்குக் கேலி இன்னும் அடங்கவில்லை என்று நினைத்தேன். பாவாடையைக் கட்டிக்கொண்டு, கல்யாணம் முடிகிற வரைக்கும் அவரோடு பேசாமலே இருந்தேன்.