சைவ வாளி, மச்ச வாளி

அப்பாவின் வாகனத்து ஈரமான ரப்பர் விரிப்பைச் சுருட்டித் தூக்கும்போது அதன் அடியிலிருந்து கிளம்பும் நாற்றத்துக்கு எங்கள் வீட்டில் ‘வெடில்’ என்று பெயர். பழைய ஐஸ் தண்ணீர், மீன் இரத்தம், டீசல் மூன்றும் வெயிலில் வெந்து உண்டான அந்த வெடிலை, உப்புவெளியில் எங்கள் கிணற்றடியில், வியாழக்கிழமை தவறாமல் நான் தும்புக்கட்டையால் தேய்த்திருக்கிறேன். தேய்த்தால் போகும் என்று அப்பா நம்பினார். போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தும்புக்கட்டை என் கையில்தான் இருந்தது.

அப்பா விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து, வெள்ளைப் பிக்கப் ஒன்றில் ஏற்றிக் கிளிவெட்டிப் பக்கம் கொண்டுபோய் விற்பவர். வெள்ளிக்கிழமைகளில் அங்கும் மீன் மச்சம் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை என்பதால் பிக்கப்புக்கும் அன்று விரதம். குசினியில் மீனுக்கு ஒரு சட்டி, மரக்கறிக்கு ஒரு சட்டி என்று வைத்திருந்த அம்மா, அதே ஒழுங்கில் பிக்கப்புக்கும் இரண்டு வாளிகள் வைத்திருந்தார். முதலில் சிவப்பு ‘மச்ச வாளி’, பிறகு நீலச் ‘சைவ வாளி’. சைவ வாளியின் துணி தப்பித்தவறி மச்ச வாளிக்குள் விழுந்துவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. “அந்தத் துணியை இப்ப எதுக்குள்ள போட்டனீ?” என்று குசினிக்குள்ளிருந்தே கேட்பார். எப்படித்தான் தெரியுமோ!

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்து நகரத்துப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். படிவத்தை நானே நிரப்பினேன். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். வாசிக்கத் தெரியாத அப்பா, “என்ன எழுதினனீ?” என்று கேட்டார். சொன்னேன். “ஓம், அது சரிதானே” என்று தனக்குத் தெரிந்த அந்த ஒரே கையெழுத்தைப் போட்டார். என்ன வியாபாரம் என்று வகுப்பில் யாரும் கேட்டுவிடாதபடி ஒன்பது மாதம் காப்பாற்றி வந்தேன்.

பிறகு வாணி விழா வந்தது. சரஸ்வதி படத்தை வீதிவலம் கொண்டுபோக வழக்கமாக வரும் வாகனம் பழுதாகிவிட்டதாம். “ஆரும் வீட்டில வாகனம் வைச்சிருக்கிறீங்களோ?” என்று வகுப்பாசிரியர் கேட்டார். என் கை எழுந்துவிட்டது. அது ஏன் எழுந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீதிவலம். வியாழக்கிழமை மத்தியானம் வரை அப்பா மீன் விற்றார். அதற்குப் பிறகு நாலு தரம் கழுவினோம். சீற்றைக் கழற்றி வெயிலில் போட்டோம். செதில்கள் கதவின் கண்ணாடி இடுக்கில், ரேடியோவின் ஓட்டைகளில், அப்பாவின் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குள்ளும் கூட இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் தேசிக்காய் என்றார். எதிர்வீட்டு அக்கா கோப்பித்தூள் என்றார். அம்மா சாம்பிராணி போட்டார். அப்பா என் தலைக்கு வாங்கிய ஷாம்புவைப் போத்தலோடு கவிழ்த்தார். ஒவ்வொரு தரமும் உள்ளே தலையை விட்டு முகர்ந்துவிட்டுக் கேட்பார்:

“இப்ப மணக்குதோ?”

“மணக்குது.”

“உனக்குப் பள்ளிக்கூடத்து மூக்கு வந்திட்டுது. சரி, இன்னொருக்கா கழுவு.”

நாலாம் தரம் எனக்கே ஒன்றும் மணக்கவில்லை. விரல் நுனிகள் வெள்ளையாக வெந்துபோயிருந்தன.

மறுநாள் வாழைமரம் கட்டி, பட்டு விரித்து, சரஸ்வதி படத்தை ஏற்றினார்கள். பெரிய வேட்டியுடன் அப்பா சாரதி இருக்கையில் இருந்தார். சந்தையடி திரும்பும்வரை எல்லாம் நன்றாகவே போனது. அங்கே ஒரு பூனை வந்தது. பிறகு மூன்று. பாடசாலை வாசலை அடையும்போது ஏழு பூனைகள், தேவாரம் பாடும் பிள்ளைகளுக்கு முன்னால், பிக்கப்பை ஒட்டி, நிலத்தை நக்கிக்கொண்டு வந்தன.

“டேய், உங்கட வாகனத்துக்குப் பூனைப்படை காவலடா!” என்றான் என் வகுப்பு ரமணன். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, அப்பா என்ன யாவாரம் எண்டு சொன்னனீர்?”

அப்பா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். “மீன் யாவாரம், சேர். தம்பி சொல்லேல்லையோ?” என்றவர், இறங்கி, சீற்றுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சொப்பின் பையை இழுத்தெடுத்தார். பைக்குள் முழுப் பாரை மீன் ஒன்று. உருகிய ஐஸ் தண்ணீர் வாகனத்தின் அடித்தட்டிலிருந்த துளையால் வழியெல்லாம் சொட்டியிருக்கிறது.

“பிள்ளையைப் படிப்பிக்கிற ஆள். வெறுங்கையோட வரேலுமோ?”

நாலு தரம் கழுவிய வாகனத்துக்குள், வாணி விழா அன்று, மீன்!

“ஐயா, நான் இண்டைக்கு விரதமெல்லோ” என்றார் ஆசிரியர்.

“அதுக்குத்தானே சேர் ஐஸ் போட்டனான். நாளைக்குச் சமையுங்கோ.”

ஆசிரியர் சிரித்தபடி இரண்டு கையாலும் வாங்கி, சைக்கிள் கைபிடியில் கொளுவினார். அவர் வீட்டுக்குக் கிளம்பியதும் ஏழு பூனைகளும் எழுந்து சைக்கிளுக்குப் பின்னால் போயின. பிக்கப்பை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

“பாத்தியோ?” என்றார் அப்பா. “எங்கட வாகனத்தில வெடில் இல்லை.”

உயர்தரம் முடியும்வரை என் பெயர் ‘பூனைப்படை’. வியாபாரம் என்று மட்டும் பிறகு எந்தப் படிவத்திலும் நான் எழுதவில்லை. ‘மீன் வியாபாரம்’ என்றே எழுதினேன். அதற்குமேல் மறைக்க என்ன இருந்தது?

போன மாதம் அப்பா பிக்கப்பை விற்றார். நெல் ஏற்றுவதற்கு வாங்க வந்த வெளியூர்க்காரர் உள்ளே தலையை விட்டு முகர்ந்து, “மீன் ஏத்தினதோ அண்ணை?” என்றார். ஒரே ஒரு நாள் போக, இருபது வருடம் அதில் மீனைத் தவிர வேறொன்றும் ஏற்றியறியாத அப்பா, கண் இமைக்காமல் சொன்னார்:

“இது சரஸ்வதி ஏறின வாகனம், தம்பி.”

பிறகு என் பக்கம் திரும்பி, “குடுக்கமுதல் இன்னொருக்கா கழுவிவிடு” என்றார். பட்டம் பெற்றுக் கந்தோரில் கதிரை போட்டு இருப்பவன் நான். காற்சட்டையை மடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். சைவ வாளி எப்போதோ உடைந்துவிட்டது. இருந்த ஒரே வாளியால் நாலு தரம் கழுவினேன்.

பிக்கப் போன பின்னேரம், பக்கத்து வீட்டுப் பூனை வந்து அது நின்ற இடத்தை முகர்ந்தது. சுற்றிச் சுற்றி முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டது. அவ்வளவு நன்றாகக் கழுவித் தொலைத்திருந்தேன்.