சாய்ந்தமருதில் ஓர் இருட்டுக் கோல்ஃப்

வியாழக்கிழமை, காலை பத்தேகால். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ் ஏறி, கடல் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். கட்டணம் நூற்று எண்பது ரூபாய். தூரம் நாற்பது கிலோமீற்றர் அளவில் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நாளே வந்து ஓர் இரவு தங்கியதால் முதுகு கொஞ்சம் சமாதானமாக இருந்தது.

பயணத்தின் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் கணவரும் சிரித்தார்.

"கோல்ஃப் விளையாடவா கல்முனைக்குப் போறீர்? அதுவும் இருட்டுக்குள்ளையா?"

"ஓம், இருட்டுக்குள்ளதான்."

"அப்ப லைற்றை நூத்துப்போட்டு இஞ்ச விறாந்தையிலயே விளையாடலாமே. பஸ் காசு மிச்சம்."

இந்த மனிதருக்கு எதையும் விளக்க முடியாது. உங்களுக்கு விளக்குகிறேன். இது புல்வெளியில் கார் வைத்துக்கொண்டு விளையாடும் கோல்ஃப் அல்ல. ஒரு மண்டபத்துக்குள் சின்னச் சின்னப் பாதைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு குழி. சிறிய மட்டையால் பந்தைத் தட்டித் தட்டிக் குழியில் விழுத்த வேண்டும். மண்டபம் முழு இருட்டு. ஊதா விளக்கு மட்டும் எரியும். அந்த வெளிச்சத்தில் ஒளிரும் பூச்சைச் சுவரிலும் தரையிலும் பூசியிருப்பார்கள். பெரிய நகரங்களில் பயணிகள் காசு கொடுத்து விளையாடுகிற இந்தச் சங்கதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டு மேல்மாடியில் இருக்கிறது என்று, பொத்துவில் போய்வந்த தோழி ஒருத்தி ஒரு விளம்பரப் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பலகை முழுக்க இங்கிலீசு. பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதுகிறவள் என்று சொல்லி, அதிலிருந்த இலக்கத்துக்குப் பேசினேன்.

"வாங்க அக்கா, தங்க அறையும் இரிக்கி," என்றார் உரிமையாளர் ஜுனைதீன். "ஆனா சுறுக்கா வாங்க. மகளுக்கு ஒரு சம்பந்தம் கதைச்சிக்கிட்டு இரிக்கம். முடிஞ்சிட்டெண்டா மேல்மாடி அவளுக்கு வீடாப் போயிரும்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீட்டைக் கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடமை. ஒரு கோல்ஃப் மண்டபத்தின் ஆயுள் ஒரு கல்யாணப் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

களுவாஞ்சிக்குடி தாண்டியதும் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கறுப்பு அபாயா, மடியில் பெரிய பை, நல்ல கணீரென்ற குரல். எங்கே போகிறேன், ஏன் போகிறேன், எத்தனை பிள்ளைகள் என்று கல்லாறு பாலம் வருவதற்குள் எல்லாவற்றையும் கறந்துவிட்டார். கோல்ஃப் என்றதும் குரல் பாதியாகக் குறைந்தது.

"ஜுனைதீன் நானாட வீட்டுக்கா? நாலு மணிக்குப் போங்க. அதுக்கு முதல் போய் என்னத்தப் பாக்கப் போறீங்க, சுவரத்தான் பாக்கலாம்."

"நாலு மணிக்கு என்ன?"

"போய்த்தான் பாருங்களன்," என்று சிரித்துவிட்டு மருதமுனையில் இறங்கிக்கொண்டார்.

பதினொன்றே முக்கால், கல்முனை. ஜுனைதீன் நானா, அண்ணனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், தன் ஓட்டோவோடு நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினெட்டு வருடம் கத்தாரில், ஒரு பெரிய கடைத்தொகுதியின் விளையாட்டுக் கூடத்தில் விளக்குகளைப் பராமரித்தவர். சாய்ந்தமருதுக்கு மூன்று கிலோமீற்றர்கூட இல்லை. அதற்குள் தன் திட்டம் முழுவதையும் சொல்லி முடித்தார்.

"வெள்ளக்காரன் எல்லாரும் கடல்ல அலை சறுக்க அறுகம்பைக்கு இந்த ரோட்டாலதானே அக்கா போறான். வழியில நிப்பாட்டி ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போக மாட்டானா எண்டு நினைச்சன்."

"நிப்பாட்டினவையா?"

"நிப்பாட்டினாங்க. பாத்றூம் எங்க எண்டு கேட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மேல்மாடியைக் காட்டினார். காற்றாடி ஆலை, ஒட்டகம், ஒரு கோபுரம், ஒன்பது குழிகள். எல்லாம் தன் கையால் செய்தவை. சுவர் ஓவியம் மட்டும் மகள் ஷிபானாவின் வேலை. மீன் கூட்டம், தோணி, கரைவலை இழுக்கும் கைகள் எல்லாம் பச்சையும் மஞ்சளுமாக எரிந்தன. நாங்கள் இருவரும் ஓர் ஆட்டம் ஆடினோம். குளிரூட்டியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஆளில்லாத கடையில் சாமான் வாங்குவது போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒரு வருசம் பாத்தன் அக்கா. சரிவரல்ல," என்றார். "சனம் வராத மண்டபத்துக்காகப் புள்ளைட வீட்டை மறிச்சி வெச்சிக்கிட்டு இரிக்க ஏலுமா, சொல்லுங்க?"

ஏலாதுதான் என்றேன்.

மாலை நான்கு மணி. மண்டபத்துத் திறப்புக் கொத்தை ஷிபானாவிடம் கொடுத்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். "வியாழன் பின்னேரம் எண்டாப் பொம்புளைகள்ட நேரம். நான் நிக்கப்படா. இவள்ட கூட்டாளிமார் ரெண்டு மூணு பேர் வருவாங்க போல. அதில வாற காசையும் நான் கேக்கிறல்ல, அது அவள்ட செலவுக்கு." முன்வாசலில் ஓட்டோ கிளம்பிப் போனது.

ஓட்டோவின் சத்தம் அடங்கவில்லை, வீட்டுப் பின்பக்கத்து வேலிக் கடப்பு திறந்தது. அந்த ஊர்களில் பெண்களுக்கென்று ஒரு பாதை உண்டு. வளவுக்கு வளவு வேலியில் கடப்பு வைத்து, பெரிய தெருவை மிதிக்காமலே அரை ஊரைச் சுற்றி வந்துவிடுவார்கள். அதன் வழியாக இருவர், பிறகு ஐவர், பிறகு ஒரு கூட்டம். மாடிப்படி அடியில் செருப்பு குவிந்துகொண்டே போனது. கல்யாண வீடா என்று நினைத்தேன்.

மேலே போனால், அம்மாடி! அபாயாக்கள் எல்லாம் இருட்டோடு இருட்டாக மறைந்துவிட்டன. மட்டைகள் தாமாக ஆடின, பந்துகள் தாமாக ஓடின. சிரிப்புச் சத்தத்தை வைத்துத்தான் ஆள் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நானோ, புத்தியில்லாமல், வெள்ளைப் பருத்திச் சேலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். ஊதா விளக்கு பட்டதும் தலை முதல் கால்வரை மின்னினேன்.

"யா அல்லாஹ், பேயொண்டு வந்திரிக்கி கா!"

அந்தக் கணீர்க் குரலைத் தெரியும். பஸ்ஸில் வந்த மருதமுனைப் பெண். மண்டபமே குலுங்கியது. எனக்கு முதலில் ரோசம் வந்தது, பிறகு நானும் சிரித்தேன்.

ஒருவர் தாதி, ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி. குனிய முடியாமல் நின்றபடியே மட்டையை வீசியவர் அவர். மற்றவர்கள் யார் எவர் என்று தெரியாது, முகத்தைக் கண்டால்தானே. குழிகளுக்கெல்லாம் தங்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஒட்டகத்துக்கு 'மாமி'. எப்படித் தட்டினாலும் பந்தைத் திருப்பி அனுப்பிவிடுமாம். ஓடினார்கள், கத்தினார்கள், ஒருத்தி விழுந்து எழும்பினாள். வெளிச்சத்தில் இவர்கள் இப்படி ஓடிப் பார்த்திருக்க மாட்டேன். எனக்கே ஓடத் தோன்றியது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பந்தின் பின்னால் ஓடினேன், ஐயா, ஓடினேன்!

தோற்றது நான்தான். மாமி என்னை ஏழு தரம் திருப்பி அனுப்பிவிட்டார். தோற்றவர் அடுத்த வியாழன் எல்லோருக்கும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டிலாப்பம் கொண்டுவர வேண்டும் என்பது சட்டமாம்.

"யாழ்ப்பாணத்தில இருந்து எப்படியம்மா கொண்டுவாறது?"

"பஸ்ஸில போட்டு விடுங்க. நாங்க எடுக்கிறம்," என்றது கணீர்க் குரல். "சீனி வேணாம், கித்துள் கருப்பட்டி போடுங்க."

எல்லோரும் சிரித்தபோது ஷிபானா மட்டும் சிரிக்கவில்லை. காற்றாடி ஆலைக்குப் பின்னால் என்னை இழுத்துப் போனாள். இருபத்திரண்டு வயதுப் பெண். மெதுவாகத்தான் பேசினாள்.

"அன்ரி, அடுத்த வியாழன் இரிக்கிமா தெரியா. நான் இவங்கக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல. நீங்க வாப்பாக்கிட்டச் சொல்லுவீங்களா, இஞ்ச எவ்வளவு சனம் வாறாங்கண்டு?"

"நீயே சொல்லலாமே, பிள்ளை."

"நான் சொன்னா கல்யாணம் வேணாமெண்டு கதைக்கன் எண்டு நினைப்பாரு. எனக்கு மாப்பிள்ளையப் புடிக்கும் அன்ரி, அதில ஒண்டுமில்ல. எனக்கு இதுவும் வேணும். நாங்க ரெண்டு பேரும் இரிக்கக் கீழ ரெண்டு அறை சும்மாதானே கிடக்கு. நீங்க வெளியூர் ஆள், நீங்க சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது என்றுகூட மனதுக்குள் யோசித்து வைத்துவிட்டேன்.

மஃரிப் என்கிற மாலைத் தொழுகைப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டம் கடப்பு வழியாகக் கலைந்தது. செருப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. பாங்கு முடிந்து சிறிது நேரத்தில் ஓட்டோ வந்தது. ஜுனைதீன் நானா ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவோடு இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இனிப்பு எடுங்க! கதைச்சி முடிச்சிட்டன். பள்ளிவாசல் பெரியாக்கள் நாலு பேருக்கு முன்னால மேல்மாடியப் புள்ளைக்கு வீடாச் சொல்லிட்டன். சனிக்கிழமை மேசன்மார் வாறாங்க."

வாய் திறந்தபடி நின்றேன். அந்த வாயில் ஒரு துண்டு அல்வாவை வைத்துவிட்டார். அவரை வெளியே அனுப்பிவைத்த அதே இரண்டு மணித்தியாலத்தில், மேலே மண்டபம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது, அது காலி மண்டபம் என்று நம்பி அவர் அதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கதவோரம் நின்ற ஷிபானா என்னைப் பார்த்தாள். பிறகு உம்மா கூப்பிட்டார் என்று உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. பஸ் நிலையத்துக்கு அவரே கூட்டிப் போனார். நேற்று மாலை எப்படி இருந்தது என்று பேச்சுக்குக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புக் குவியல், கர்ப்பிணியின் வீச்சு, மாமி என்கிற ஒட்டகம், என் சேலை, வட்டிலாப்பம். ஓட்டோ மெல்ல மெல்ல வேகம் குறைந்து தெருவோரம் நின்றேவிட்டது.

"எண்ட மண்டபத்திலயா?" என்றார்.

"உங்கட மண்டபத்திலதான், நானா."

"மறுகா ஏன் இவள் ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே. வீடு அவளின்ர பேரிலதானே எழுதப் போறீங்கள்? அவளிட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

"அவள்ட வீட்டைப் பத்தி அவள்ட்டக் கேக்கிற பழக்கம் நமக்கிட்ட இல்ல அக்கா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இப்போதுதான் தானும் கவனித்தவர் போலச் சொன்னார்.

"இப்ப போய் மாத்திச் சொன்னால் என்ன?"

"பெரியாக்களுக்கு முன்னால குடுத்த சொல்லு. மாத்தினா என்னை ஏசமாட்டாங்க, புள்ளையைத்தான் ஏசுவாங்க. கீழ்மாடிக்குக் கொண்டுவரவும் ஏலா. ஒட்டகத்தையும் குழியையும் மேல தரையோட சேத்துக் கொங்கிறீட்டில கட்டிப்போட்டன். உடைச்சாத் திரும்பக் கட்டக் கையில ஒண்டுமில்ல." ஓட்டோவின் கைப்பிடியைத் தட்டினார். "நிறைஞ்சா எப்பிடி இரிக்கிமெண்டு ஒருநாள் பாக்கோணுமெண்டுதானே கட்டினன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் மீன்காரர் போனார், பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், அறுகம்பைக்குப் போகும் வான் ஒன்று அலைச்சறுக்குப் பலகைகளைத் தலையில் சுமந்துகொண்டு நிற்காமல் போனது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்கக்கூட இல்லை.

கல்முனை பஸ் நிலையம், எட்டரை. மட்டக்களப்பு பஸ் புறப்படப் பத்து நிமிடம் இருந்தது. அவர் போகாமல் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"அடுத்த வியாழன் அவங்க வந்து நிப்பாங்களே, அக்கா. முன்னால இரிக்கிற இங்கிலீசுப் பலகைய அவங்க கண்டிருக்கவே மாட்டாங்க. கடப்பில ஒண்டு எழுதிக் கட்டோணும். நீங்க எழுதுற ஆள்தானே, தமிழில ரெண்டு வரி எழுதித் தாங்க."

கைப்பையில் இருந்த தாளில் எழுதினேன்: 'மண்டபம் மூடப்பட்டுவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.' வாங்கிப் படித்தார்.

"ஆருக்கெண்டு போடல்லயே."

"பேர் சொல்லுங்கள், போடுறன்."

யோசித்தார். அவருக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. தெருவில் எதிரே வந்தாலும் அவருக்கு அவர்களைத் தெரியாது. பஸ்ஸில் வந்த பெண்ணைத் தவிர எனக்கும் குரல்கள் மட்டும்தான் தெரியும். தாளைத் திரும்ப வாங்கி, மேலே 'வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் நகர்ந்தபோது கூடவே நாலு எட்டு நடந்து வந்து சொன்னார்:

"வராதவனுக்கு ஒரு வருசமாப் பலகை வெச்சிருந்தன், அக்கா. வந்தவங்களுக்கு இதுதான் முதல் பலகை."