ஒன்பது நாள் புல் நடவைப் பார்த்தவர்

செய்தி எனக்கு அலுவலகத்திலிருந்து வரவில்லை. மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து செல்வராணி கூப்பிட்டாள். வகுப்பு முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, சூப்பிரண்டு சாரு போயிட்டாகளாம்" என்றாள். எந்த சூப்பிரண்டு என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்தவர் ஒருவர்தான். "காலையில காப்பி குடிச்சிட்டு நாக்காலியில சாஞ்சவராம். அம்புட்டுத்தான்." பிறகு அவளே, "நாங்க ஜீப்பு பேசிட்டோம். நீங்க பாலக்காட்டுலதான இருக்கீக, எங்களுக்கு முன்னாடி போயிருவீகல்ல?" என்றாள். போய்விடுவேன் என்றேன்.

நல்லேப்பிள்ளி கிட்டுச்சாமி, வனத்துறைக் கோட்ட அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டை அடுத்த அந்த ஊரில் நெல் விவசாயக் குடும்பம். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி பாலக்காட்டுப் பக்கமே கழிந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் மூணாறுக்கு மாற்றல். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரோடு ஒரே அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்கள். அவருடைய கோப்புகளைப் பற்றியும், ஒரு மணி அடித்ததும் திறக்கும் அவருடைய டிபன் பாக்ஸைப் பற்றியும் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். எனக்கு அவரை மலைமேல்தான் தெரியும். நான் எதையும் எளிதில் வியப்பவள் அல்ல. அங்கே பார்த்ததை எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கு அதுவே காரணம்.

நான் மூணாறுக்கு அருகே சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள். எங்களுக்கு மேலே தெரிந்த அந்த மலையை, ஊரார் கிராண்டிஸ் என்று சொல்லும் தைலமரக் காடாகத்தான் சிறுவயதில் அறிவேன். அதற்கு முன்பு அது புல்வெளி என்பது தாவரவியல் படிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. அரசு நிலம். மரங்களை வெட்டி எடுத்தபின் அந்த மலையை மீட்டெடுக்க அரசு நிதி ஒதுக்கியது. அதற்கான குழுவில் தொழில்நுட்ப உறுப்பினராக என்னைச் சேர்த்தார்கள். அங்கே புல்தான் வர வேண்டும், மறுபடி மரம் கூடாது என்று அறிக்கை கொடுத்தேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. "மேடம் சொல்வது சரி. ஆனால் புல்லுக்கு ரேட் இல்லையே" என்றார் கோட்ட அதிகாரி.

துறையின் கூலி அட்டவணையில் குழி வெட்ட, கன்று சுமக்க, களையெடுக்க என்று எல்லாவற்றுக்கும் ரேட் உண்டு. புல் நடுவது என்ற வேலை மட்டும் அதில் கிடையாது. இல்லாத வேலைக்கு அரசுப் பணத்தைச் செலவிட முடியாது. மார்ச்சுக்குள் வழி பிறக்காவிட்டால் நிதி மரக்கன்றுகளுக்குப் போகும்; நாற்றங்காலில் அவை தயாராக நின்றன. மேசையின் கோடியில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த பருத்த மனிதர் ஒருவர், "ரேட் இல்லீன்னா உண்டாக்கலாமுங்க" என்றார். அவர்தான் கிட்டுச்சாமி.

அப்படி ஒரு விதி இருந்தது. அட்டவணையில் இல்லாத வேலையை ஆட்களை வைத்துச் செய்து பார்த்து, ஓர் ஆளால் ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்று கூடவே இருந்து எழுதினால், அதிலிருந்து புதிய ரேட் போடலாம். பொதுவாக ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எட்டால் பெருக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவரும் அதைத்தான் செய்வார் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லாமல் நானும் தனியாக எண்ணுவது என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில், எஸ்டேட்டில் வேலை நாள் குறைந்துபோன பெண்கள் மலைக்கு வந்தார்கள். கிட்டுச்சாமி குரங்குக் குல்லா, வெள்ளைச் சட்டை, அதன்மேல் மனைவியின் சால்வை, கையில் குடை என்று வந்து சேர்ந்தார். சர்க்கரை நோயாளி, சமவெளிக்காரர், குளிரில் பல் தந்தியடித்தது. "சாருக்கே ஒரு ஆள் வச்சுப் பாத்துக்கிடணும் போலிருக்கே" என்றாள் செல்வராணி, அவர் காதில் விழும்படியாகவே. அவர் சிரித்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

மேலே பாறை இடுக்குகளில் பிழைத்திருந்த பழைய புல்லைத் தூரோடு பெயர்த்து, பிரித்து, சாக்கில் சுமந்து இறங்கி, முழத்துக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். அவர்கள் அதை ஓட்டமாகச் செய்தார்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள். மேலே ஒருவர் நின்று பார்த்தால் தானாக வேகம் பிடிக்கும். எதிர்ச் சரிவில் உட்கார்ந்து எண்ணிய எனக்கே மூச்சு வாங்கியது. சாப்பாட்டு நேரத்தில் நான் இறங்கி வந்தபோது அவர் செல்வராணியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இத்தன வேகம் எதுக்குங்க?"

"சாரு பாக்கீகள்ல. மெல்ல நட்டா, இவளுக வேலைக்கு ஆக மாட்டாளுகன்னு எழுதிருவீக."

"நாளைக்கும் இதே வேகத்துல நடுவீங்களா?"

"நாளைக்கா? நாளைக்குப் படுக்கைய விட்டு எந்திரிச்சாலே பெரிய காரியம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் இப்ப எழுதறதுதானுங்க இனி எல்லா நாளைக்கும். உங்களுக்கு மட்டுமில்லீங்க. வேற மலையில நடப்போறவங்களுக்கும் இதே அளவத்தான் கேப்பாங்க" என்றார். பிறகு தம் நோட்டில் அன்றைய பக்கத்தின் குறுக்கே கோடிழுத்து, கீழே எழுதினார்: "முதல் நாள். நான் பார்ப்பதால் வந்த வேகம். சேர்க்கக் கூடாது."

கல்லூரியில் ஆய்வு முறை பற்றி ஒரு முழுப் பருவம் பாடம் எடுக்கிறேன். பார்ப்பவர் இருப்பதே பார்க்கப்படுவதை மாற்றிவிடும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தக் காரணத்துக்காக என் சொந்தத் தரவில் ஒரு நாளைக்கூட நான் அடித்ததில்லை.

கோடிழுத்து முடித்ததும் அவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். "பதினொரு பேர் இருக்குதுங்க. பத்துப் பேர்தானே வந்திருக்கீங்க?" பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேச்சியக்காவுக்கு முட்டி வலி சார்" என்றாள் செல்வராணி. "அவுக வந்தா எல்லாருக்கும் கெட்ட பேருன்னு நாங்கதான் விட்டுட்டு வந்தோம்."

"அவங்க வராம நான் எழுத மாட்டனுங்க."

மறுநாள் பேச்சியம்மாள் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. குற்றம் செய்து பிடிபட்டவர் போல ஓரமாக நின்றார். ஒவ்வொரு தூருக்கும் உட்கார்ந்து, கையூன்றி எழுந்தார். கிட்டுச்சாமி தம் கல்லை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு எல்லாவற்றையும் எழுதினார்: சாக்கோடு மேலே ஏறும் நேரம், அட்டைப்பூச்சியைப் பிடுங்கிப் போடும் நேரம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும் நேரம். "நடக்குறதக்கூடவா எழுதுவீக?" என்று கேட்டாள் செல்வராணி. "நடக்கறதும் வேலைதானுங்க." "அப்ப நாங்க சிரிக்கிறது?" "அது உங்க சொந்தச் செலவுங்க."

நான்காம் நாள் அவள் அவர் முன்னாலேயே தன் மாமியாரைத் திட்டத் தொடங்கினாள். அவர் என் பக்கம் திரும்பி, "இன்னிக்குத்தானுங்க நெசமான நாள்" என்றார். தாம் அங்கே இருப்பதை அவர்கள் மறக்கும்வரை காத்திருந்திருக்கிறார். அன்று சாயங்காலம், "நீங்களும் எண்றீங்கன்னு தெரியுமுங்க. உங்களுது எவ்வளவு வருது?" என்று வெகு இயல்பாகக் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. என்னுடைய எண்ணிக்கை அவருடையதைவிட அதிகமாக இருந்தது. அவர் கணக்கைக் கூட்டிக் காட்டவில்லை, என்னை அழைத்துப்போய் ஒரு தூரை இழுத்துக் காட்டினார். நட்ட ஒவ்வொரு தூரையும் பின்னாலேயே போய் இழுத்துப் பார்த்திருக்கிறார். கையோடு வந்தவற்றைக் கழித்துவிட்டார். "நட்டது வேறங்க, நின்னது வேறங்க." பின்னால் வந்த செல்வராணி, "புல்லோட குடுமியப் பிடிச்சு இந்த இழு இழுக்கீகளே, அது உங்களுக்கு என்ன சார் பாவம் பண்ணுச்சு?" என்றாள். மறுநாள் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. பனியில் குடை மட்டும் தெரியும்; ஆள் தெரியாது. ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த அளவு, முதல் நாள் வேகத்தில் பாதிக்குச் சற்று அதிகம். அதனால் ஒரு தூருக்கான ரேட் உயர்ந்தது. ஒரு தளர்ந்த ஆளையும் நடக்கும் நேரத்தையும் எடுத்துவிட்டால் எளிதாக அனுமதி கிடைக்குமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "எடுத்துட்டா அது அந்த மலையோட ரேட் இல்லீங்களே" என்றார் கிட்டுச்சாமி.

அப்போதுதான் என் முறை வந்தது. இப்படி நட்டால் புல் பிடிக்கும் என்று தொழில்நுட்ப உறுப்பினர் ஒரு வரி எழுதித் தர வேண்டும். இரண்டு பருவம் கண்காணிக்காமல் அப்படி எழுத முடியாது என்றேன். நான் சொன்னது சரிதான். இன்றும் சரியென்றுதான் நினைக்கிறேன். அவர் வாதாடவில்லை. "தெரியாதத தெரியாதுன்னுதானே எழுதோணும். அப்படியே எழுதிக் குடுங்க" என்றார். என் வரிக்குக் கீழே தம் கையெழுத்தில் ஒன்று சேர்த்தார்: "புல் பிடிக்கும். பிடிக்காவிட்டால் பொறுப்பு என்னுடையது." ஓய்வு பெற அவருக்கு ஐந்து மாதம் இருந்தது. அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் மற்ற எல்லோரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும்.

மார்ச்சில் அனுமதி வந்தது. ஆனி மழையில் நடவு முடிந்தது. மறு ஆண்டு தணிக்கையில் கேள்வி வந்தது: மரக்கன்றைவிட இதற்கு ஏன் இத்தனை ஆட்கள், புல் பிடித்ததா, பொறுப்பேற்றவர் யார்? கேள்வி தீரும்வரை அவருடைய பணிக்கொடை நிறுத்திவைக்கப்பட்டது. நான் பதறிப்போய்ப் பேசினேன். "ஊட்டு ஓடு ஒழுகுதுங்க, அந்தப் பணத்த அதுக்குத்தான் நெனச்சு வெச்சிருந்தேன். ஒழுகுனா ஒழுகுது, பாத்திரம் இருக்குதுங்க" என்றார்.

அந்தத் தை மாதம் உறைபனி விழுந்தது. ஒரே வாரத்தில் சரிவு முழுவதும் வைக்கோல் நிறமாகிவிட்டது. அந்த மனிதரின் முப்பது வருட உழைப்பின் பலன் என் கண்முன் கருகிக் கிடப்பதாக நினைத்தேன். போனில் சொன்னதும், "வேர் என்ன சொல்லுதுங்க?" என்று மட்டும் கேட்டார். ஒரு தூரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். மலையே பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

இரண்டு பருவம் முடிந்ததும் புல் பிடித்திருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தேன். கேள்வி தீர்ந்தது, பணம் வந்தது, வீட்டுக்கு ஓடு மாற்றினார். அடிவாரத்தில் ஊற்று திரும்பிவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். நான் அளக்கவில்லை, சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போட்ட ரேட்டில் இப்போது வேறு மலைகளிலும் புல் நடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குப் பேச்சியம்மாளைத் தெரியாது. அவர்கள் இடுப்பை நிமிர்த்திக்கொள்ளும் நேரம் அவருடைய முழங்காலிலிருந்து வந்தது என்பதும் தெரியாது.

போன ஐப்பசியில் அவர் பஸ் ஏறி மலையைப் பார்க்க வந்தார். புல் இடுப்பளவு நின்றது. காற்று வந்தால் சரிவு முழுவதும் ஒரே உடம்பாகச் சாய்ந்து எழுந்தது. அங்கேதான் நான் நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: எந்தத் தைரியத்தில் அந்த வரியை எழுதினீர்கள்?

அவர் யோசிக்கவே இல்லை. "ஒம்பது நாள் பார்த்தனுங்க. அத்தன பார்த்தும் தெரியாதுன்னு சொன்னா, பார்த்ததுக்கு என்னங்க மரியாத?"

அவர் வீட்டில் உடலை எடுக்கும் முன்பே ஜீப் வந்துவிட்டது. பதினொரு பேரும் இறங்கினார்கள். கூட்டத்தில் யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை. மகன் வந்து, நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்டார். பேச்சியம்மாள்தான் சொன்னார்: "நாங்க மூணாறு, தம்பி. உங்கப்பா எங்க வேலைய ஒம்பது நாள் உக்காந்து பாத்தாக." மகனுக்குப் புரிந்திருக்காது. வழிவிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, மலைமேல் அவர் என்னிடம் திருப்பிக் கேட்ட அந்தக் கேள்வி. அது எனக்கு வசதியானது அல்ல. தெரியாது என்பது நேர்மையான பதிலாக இருக்கும் இடமும் அது ஒளிந்துகொள்ளும் இடமாக மாறும் இடமும் எனக்கு எப்போதும் பிரித்துத் தெரிவதில்லை. சென்ற வாரம் எல்லைப் பக்கத்தில் வேறொரு மலைக்கான படிவம் என் மேசைக்கு வந்தது. நட்டால் பிடிக்குமா என்ற கேள்விக்கு எதிரே ஒரு சிறிய கட்டம். ஆறு மழைக்காலமாக அந்த மலைக்கு நான் போய் வருகிறேன். கண்காணிக்காமல் சொல்ல முடியாது என்று வழக்கமாக அந்தக் கட்டத்தில் நான் எழுதும் வாக்கியம் கட்டத்தில் அடங்காமல் ஓரத்தில் வழியும். இம்முறை "பிடிக்கும்" என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.