நிறம் வராத ஸ்லைடு

"இது வெறும் ரத்தம்மா. இத வச்சு நீ தீசிஸ் எழுத முடியாது," என்று சொல்லிவிட்டு மைக்ரோஸ்கோப்பிலிருந்து எழுந்தார் புரொபசர். டாக்டர் சரோஜா அந்த ஸ்லைடைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஸ்லைடு தட்டோடு பக்கத்தில் நின்றவன் நான்.

எழுபதுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை. மகாபலிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். ஆட்டு மூளைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்பது டாக்டரின் ஆராய்ச்சி. வாளவரை இன விதையில் கான்-ஏ என்றொரு புரதம் உண்டு. சர்க்கரையைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். குழாய்ச் சுவரில் சர்க்கரை இருப்பதால் அங்கே போய் ஒட்டும். அதன்மேல் பெராக்சிடேஸ் என்ற நொதியை ஏற்றி, டிஏபி என்ற சாய ரசாயனத்தை ஊற்றினால் அந்த இடம் பழுப்பாகும். எங்களுக்கும் ஆனது. ஆனால் ரத்தச் சிவப்பணுவும் அந்த நொதியைப் போலவே வேலை செய்யும். கான்-ஏ இல்லாமலே பழுப்பு வரும். புரொபசரின் சந்தேகம் நியாயம்தான்.

டாக்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"இப்ராஹிம், முதல்ல பெராக்சைடு போட்டு ரத்தத்தோட அந்த வேலைய அடக்கிடுவோம். அப்புறம் ரெண்டு ஸ்லைடு. ஒண்ணுக்கு சாதா கான்-ஏ. இன்னொண்ணுக்கு மேனோஸ் சர்க்கரை கலந்த கான்-ஏ. அது ஏற்கெனவே சர்க்கரையப் பிடிச்சிருந்தா, குழாய்ல ஒட்டாது இல்ல?"

மறுநாள் காலையில் கறிக்கடை காதர் மாமா முன்னால் நின்றேன்.

"இன்னா மாப்ள, டெய்லி மூளையே வாங்கினு போற. வூட்ல வேற எதுவும் ஆக்க மாட்டாங்களா?"

"சாப்பிட இல்ல மாமா, கலர் போட."

"நல்லா கீற மூளைக்கு இன்னாத்துக்குப்பா கலரு?" என்றவர், அப்போதுதான் அறுத்த ஆட்டின் மூளையை எடுத்து என் ஐஸ் டப்பாவில் வைத்தார்.

ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் கட்டையாக்கி, மைக்ரோடோம் கத்தியில் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி முடிப்பதற்குள் அந்த வாரம் போய்விட்டது.

முதல் ஸ்லைடில் குழாய்கள் கிளை கிளையாகப் பழுப்பில் ஓடின. டாக்டரின் முகம் மாறவில்லை. மேனோஸ் கலந்த இரண்டாவதை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நீ பாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல."

பார்த்தேன். வெளிறிய திசு. ஒரு பழுப்புக் கோடுகூட இல்லை. வெறும் ரத்தமாக இருந்தால் இதிலும் பழுப்பு வந்திருக்கும். நிமிர்ந்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

புரொபசர் வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரி, எழுதும்மா," என்றார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நிறம் வந்ததும் குதிக்காதீர்கள். வரக்கூடாத ஸ்லைடில் வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். அன்று டிபார்ட்மெண்ட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தோம், ஒன்றுமே தெரியாத ஒரு கண்ணாடித் துண்டுக்காக.